ஒரே குன்று, இரண்டு சட்டங்கள்: மேற்குக் கரையில் நடப்பதைப் புரிந்துகொள்ள

மேற்குக் கரையிலிருந்து வரும் செய்திகளில் ஒரு சொல் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது: மோதல். ‘குடியேறிகளுக்கும் பாலஸ்தீனர்களுக்கும் மோதல்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். படிப்பவர் மனத்தில் இரண்டு ஊர்க்காரர்கள் தடியோடு வந்து அடித்துக்கொண்டார்கள், போலீஸ் வந்து விலக்கிவிட்டது என்ற படம் விழுகிறது. மறுநாள் அது மறந்தும்போகிறது.

அங்கே நடப்பது வேறு. அடி விழுவது பாதிக் கதைதான். அடித்தவரை எந்தச் சட்டம் விசாரிக்கும், அடிபட்டவர் எங்கே போய்ப் புகார் கொடுப்பார், அந்தப் புகார் என்ன ஆகும் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. அந்த மீதிக் கதையை, இதைப் பற்றி முன்பு எதுவும் படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

ஒரு வரப்புத் தகராறு

நமக்கெல்லாம் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இருவர் வரப்புக்காகச் சண்டை போடுகிறார்கள், கைகலப்பாகிறது. இருவரும் ஒரே காவல் நிலையத்துக்குப் போவார்கள், ஒரே நீதிபதியின் முன் நிற்பார்கள். ஒருவருக்குச் செல்வாக்கு இருக்கலாம், இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் சாயலாம். ஆனால் ஏட்டில் இருக்கும் சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அதைக் காட்டி வாதாட வழி இருக்கிறது.

இப்போது அந்தப் படத்தைச் சற்று மாற்றுங்கள். முதல் வயல்காரர் தவறு செய்தால் மாவட்ட நீதிமன்றம். வழக்கமான சட்டம், வழக்கமான ஜாமீன். இரண்டாமவர் அதே தவறைச் செய்தால் ராணுவ முகாமுக்குள் இருக்கும் நீதிமன்றம். நீதிபதி சீருடை அணிந்த அதிகாரி. காவல் நிலையமோ முதலாமவருடைய வளாகத்துக்குள் இருக்கிறது. உள்ளே நுழையவே இரண்டாமவருக்கு அனுமதி வேண்டும். அந்த முகாமையும் நீதிமன்றத்தையும் காவல் நிலையத்தையும் நடத்தும் அரசைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை முதலாமவருக்கு உண்டு, இரண்டாமவருக்குக் கிடையாது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். முதலாமவர் அந்த வயலுக்கு வந்ததே இரண்டாமவரின் ஊரை ஒரு ராணுவம் பிடித்த பிறகுதான்.

இடமும் ஆட்களும்

1967 ஜூன் மாதம் நடந்த ஆறு நாள் போரில் இஸ்ரேல் மேற்குக் கரையைக் கைப்பற்றியது. அதுவரை அது ஜோர்டானின் பிடியில் இருந்தது. இன்று அங்கே சுமார் 30 லட்சம் பாலஸ்தீனர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, கிழக்கு ஜெருசலேத்தைக் கணக்கில் சேர்க்காமல், சுமார் 5 லட்சம் இஸ்ரேலியக் குடியேறிகள் இருக்கிறார்கள்.

குடியேறி என்றால், 1967க்குப் பிறகு இந்த நிலத்தில் கட்டப்பட்ட ஊர்களில் வந்து வாழும் இஸ்ரேலியக் குடிமகன். அந்த ஊர்கள்தான் குடியேற்றங்கள். ஆக்கிரமித்த நிலத்தில் தன் குடிமக்களைக் கொண்டுவந்து அமர்த்தக் கூடாது என்கிறது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 49ஆம் பிரிவு. உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஊர்களைச் சட்டவிரோதமாகவே பார்க்கின்றன. இஸ்ரேல் அதை ஏற்பதில்லை.

இன்னொரு சொல், புறக்குடியிருப்பு. ஒரு குன்றின் உச்சியில் இரண்டு மூன்று கேரவன்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு ஜெனரேட்டர், ஓர் ஆட்டுப் பட்டி. இஸ்ரேல் அரசிடமே அனுமதி வாங்காமல் தொடங்கப்படுவது இது, அதாவது இஸ்ரேலின் சட்டப்படியும் குற்றம். ஆனாலும் பல இடங்களில் மின்சாரமும் பாதையும் காவலும் பின்னாலேயே வந்து சேர்கின்றன. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கட்டுரையின் பிற்பகுதியில் தேவைப்படும்.

மேற்குக் கரையின் சில பகுதிகளை நிர்வகிக்கும் பாலஸ்தீன அதிகார சபைக்கென்று போலீஸ் இருக்கிறதே, அவர்கள் ஏன் தடுக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். 1990களில் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தலைமைக்கும் இடையே ஏற்பட்ட ஆஸ்லோ உடன்படிக்கைகள் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தன. சி பகுதி மட்டும் ஏறக்குறைய 60 விழுக்காடு. அங்கே முழுக் கட்டுப்பாடும் இஸ்ரேலிடம். குடியேற்றங்கள் ஏறக்குறைய எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எந்தப் பகுதியானாலும் ஓர் இஸ்ரேலியக் குடிமகனைப் பாலஸ்தீன போலீஸ் கைது செய்து வழக்குப் போட முடியாது. ஆகவே குடியேறி ஒருவர் தாக்க வந்தால் அவரைப் பிடிக்கும் அதிகாரம் இஸ்ரேல் ராணுவத்துக்கும் இஸ்ரேல் போலீசுக்கும் மட்டுமே உண்டு.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: இரு தரப்பு மக்கள், ஒரே நிலம், சட்டத்தை நிலைநாட்டும் கை ஒன்றே ஒன்று. அந்தக் கை இரு தரப்பையும் எப்படி நடத்துகிறது என்பதுதான் கேள்வி.

சட்டம் எப்படி இரண்டானது

1967 ஜூனில் ராணுவத் தளபதி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மேற்குக் கரையில் சட்டம் இயற்றும் அதிகாரம், அதை நிறைவேற்றும் அதிகாரம், நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரம் எல்லாம் அவர் கைக்கு வந்தன. அன்றிலிருந்து அங்கே ஆள்வது ராணுவ ஆணைகள். ஒரு ராணுவ ஆணை என்பது நாடாளுமன்றம் விவாதித்து நிறைவேற்றாத, தளபதியின் கையெழுத்தில் பிறக்கும் சட்டம்.

எழுத்தளவில் அந்த ஆணைகள் அந்த நிலத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். நடைமுறை வேறு. அதே 1967 ஜூலையில் இஸ்ரேல் ஓர் அவசரகால விதியைக் கொண்டுவந்தது: இஸ்ரேலியர் ஒருவர் மேற்குக் கரையில் குற்றம் செய்தால் அவரை இஸ்ரேலின் சாதாரண நீதிமன்றங்களிலேயே விசாரிக்கலாம். இஸ்ரேலியச் சட்டம் நிழல்போல அவர்கள் கூடவே வந்தது. குடியேறிகளை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை என்பது பல பத்தாண்டுகளாக இருந்துவரும் வழக்கம்.

‘அவசரகால’ விதி என்ற பெயரையும் மீறி அது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்ரேல் நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கும், வெளியே யாரும் கவனிப்பதில்லை. 2022 ஜூன் 6 அன்று மட்டும் கவனித்தார்கள். அன்றைய கூட்டணி அரசைக் கவிழ்க்கும் நோக்கத்தில், குடியேற்றங்களை ஆதரிக்கும் எதிர்க்கட்சிகளே எதிர்த்து வாக்களித்தன. 58க்கு 52 என்ற கணக்கில் மசோதா தோற்றது. விதி காலாவதியானால் 5 லட்சம் குடியேறிகளும் பாலஸ்தீனர்களைப்போலவே ராணுவச் சட்டத்தின்கீழ் வந்துவிடுவார்கள் என்ற அச்சம் பரவியது. அந்த மாத இறுதியில் நாடாளுமன்றமே கலைக்கப்பட்டது. கலைந்தால் இத்தகைய விதிகள் தாமாக நீளும் என்பதால் விதி பிழைத்தது. 2023 ஜனவரியில் மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டார்கள். பாலஸ்தீனர்களுக்கு அன்றாடமாக இருக்கும் சட்டம் தங்களுக்கு வந்துவிடக் கூடாது என்று அந்தச் சில வாரங்களில் எழுந்த பதற்றத்தைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இந்த வேறுபாடு கையில் விலங்கு விழும் கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு இளைஞர்கள், ஒருவர் பாலஸ்தீனர், ஒருவர் குடியேறி. ஒரே சாலையில் நின்று ஓடும் வண்டிமீது கல் எறிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இஸ்ரேலியரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் கொண்டுபோக வேண்டும். பாலஸ்தீனரை 96 மணி நேரம்வரை வைத்திருக்கலாம். அவர் வழக்கு ராணுவ நீதிமன்றத்துக்குப் போகும். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 99 விழுக்காட்டுக்கும் மேலானோர் தண்டனை பெறும் நீதிமன்றம் அது. அவற்றில் பெரும்பாலானவை, விசாரணை முடியும்வரை சிறையில் கிடப்பதைவிடக் குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை வாங்குவது மேல் என்று எண்ணிச் செய்துகொள்ளும் சமரசங்கள்.

விசாரணையே இல்லாமலும் அடைக்கலாம். குற்றச்சாட்டு இன்றி, ரகசியக் கோப்பை மட்டும் காட்டி ஆறு மாதம் சிறையில் வைப்பது, ஆறு மாதம் முடிந்ததும் மீண்டும் நீட்டிப்பது. இதற்கு நிர்வாகக் காவல் என்று பெயர். தடுப்புக் காவல் நமக்கும் தெரிந்ததுதான். இங்கும் அங்கும் அதன் வேர் பிரிட்டிஷார் விட்டுச்சென்ற சட்டங்களில் இருக்கிறது. இந்தக் காவல் மிகச் சில குடியேறிகள்மீதும் பயன்படுத்தப்பட்டு வந்தது. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ் இனி குடியேறிகள்மீது அதைப் பயன்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தார். பாலஸ்தீனர்கள் அப்போதும் ஆயிரக்கணக்கில் அதே காவலில் இருந்தார்கள்.

ஆலிவ் மரத்தடியில்

சட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு காலை நேரத்தைப் பார்ப்போம். அக்டோபர் மாதம், ஆலிவ் அறுவடைக் காலம். குடும்பத்தோடு தோப்புக்கு வருகிறார்கள். மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, ஏணி சாய்த்து, கிளைகளைக் கையால் உருவி காய்களைக் கீழே விழச் செய்வார்கள். வாளிகளில் அள்ளிச் சாக்கில் கட்டி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். பல வீடுகளுக்கு ஆண்டு முழுவதற்குமான சமையல் எண்ணெயும் கைக்காசும் அதிலிருந்துதான்.

தோப்பு குடியேற்றத்தின் அருகில் இருந்தால், தன் மரத்தைத் தொடவே விவசாயி ராணுவத்தோடு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்டில் சில நாட்கள்தான் கிடைக்கும். அப்படி வந்த நாளில் முகமூடி அணிந்த சிலர் குன்றிலிருந்து இறங்கி வந்து கல் எறிகிறார்கள். ராணுவ ஜீப் வருகிறது. படை வீரர் ஒரு தாளைக் காட்டுகிறார்: இந்த இடம் மூடப்பட்ட ராணுவப் பகுதி, உடனே வெளியேறுங்கள். வெளியேற வேண்டியவர் யார்? தோப்புக்காரர். ஏணியையும் பாதி நிறைந்த சாக்கையும் தூக்கிக்கொண்டு அவர் இறங்கிப் போகிறார்.

இது ஒரு நாள் நடந்த தவறு என்று எண்ண வேண்டாம். இதே வழக்கத்தை எதிர்த்துப் பாலஸ்தீன ஊர்கள் போட்ட வழக்கில் 2006இல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது: தாக்குபவர்களிடமிருந்து விவசாயியைக் காப்பது ராணுவத்தின் கடமை, அதற்காக அவருடைய நிலத்தை அவருக்கே மூடிவிடுவது முறையல்ல. தீர்ப்பு தெளிவாக இருக்கிறது. அந்தத் தாளும் இன்றுவரை சட்டைப் பையிலிருந்து வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறது.

குற்றம் செய்யும் இஸ்ரேலியரைப் பிடித்துவைத்துப் போலீசிடம் ஒப்படைக்கப் படை வீரருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தாங்கள் அங்கே நிற்பது குடியேறிகளைக் காக்க என்ற எண்ணத்தோடுதான் அவர்களில் பலர் பணிக்கு வருகிறார்கள். 1994 பிப்ரவரி 25 அன்று ஹெப்ரோனின் இப்ராஹிமி மசூதியில் பரூக் கோல்ட்ஸ்டீன் என்ற குடியேறி, தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றார். அதை விசாரித்த ஷம்கார் ஆணையத்தின் முன், ஆயுதம் ஏந்திய குடியேறி ஒருவர் சுட்டால் அவரைத் திருப்பிச் சுடக் கூடாது என்றே தங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பதாகப் பாதுகாப்புப் படையினர் சாட்சி சொன்னார்கள்.

ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7க்குப் பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. வழக்கமான படைகள் காசாவுக்கும் வடக்கு எல்லைக்கும் போய்விட, குடியேறிகளையே ரிசர்வ் வீரர்களாக அழைத்து அவரவர் வட்டாரத்திலேயே காவலுக்கு நிறுத்தினார்கள். நேற்றுவரை தோப்புக்கு வந்து மிரட்டிய அதே முகம் இன்று சீருடையில் வந்தால் விவசாயி யாரிடம் போவார்? 

போலீசின் நிலைமையும் நம்பிக்கை தருவதாக இல்லை. 2022 இறுதியில் போலீஸ் துறையின் அமைச்சரானவர் இதமர் பென்-கவிர். அவரே ஹெப்ரோனை ஒட்டிய கிர்யாத் அர்பா குடியேற்றத்தில் வாழ்பவர். இனவெறியைத் தூண்டியதற்காக 2007இல் இஸ்ரேலிய நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர்.

புகாருக்கு என்ன ஆகிறது

அந்த விவசாயி புகார் கொடுக்கத் தீர்மானிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இஸ்ரேல் காவல் நிலையங்கள் பெரும்பாலும் குடியேற்றங்களுக்குள் அல்லது அவற்றை ஒட்டி இருக்கின்றன. வாசலில் காத்திருக்க வேண்டும், உள்ளிருந்து யாராவது வந்து அழைத்துப்போக வேண்டும். அரபு தெரிந்த விசாரணையாளர் இல்லாவிட்டால் மறுபடி வர வேண்டும். அதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். புகார் கொடுத்தவர் என்று தெரிந்தால் வேலைக்கான அனுமதிச் சீட்டு போய்விடுமோ, குன்றிலிருந்து மறுபடி இறங்கி வருவார்களோ என்ற பயம் வேறு. எனவே பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் புகாரே கொடுப்பதில்லை.

கொடுத்தவர்களின் கோப்புகளை 2005இலிருந்து பின்தொடர்ந்துவரும் யெஷ் தின் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2005 முதல் 2024 வரை அது கவனித்த கோப்புகளில் ஏறக்குறைய 94 விழுக்காடு குற்றப்பத்திரிகை இல்லாமலே மூடப்பட்டன. தண்டனையில் முடிந்தவை 3 விழுக்காடு அளவே. மூடுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதலிடம் ‘குற்றவாளி யார் என்று தெரியவில்லை’ என்பதற்கு. கைபேசியில் படம் பிடித்திருந்தாலும் தெரியாமல் போய்விடுகிறது.

ஒரு எச்சரிக்கை: இந்த 3 விழுக்காட்டையும் முன்பு சொன்ன 99 விழுக்காட்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. 3 என்பது மொத்தப் புகார்களில் எத்தனை தண்டனைவரை போயின என்ற கணக்கு. 99 என்பது வழக்குப் போட்ட பிறகு எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கு. சமூக ஊடகங்களில் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பகிர்கிறார்கள், அது தவறு. ஆனால் ஒரு கதவு எவ்வளவு எளிதில் திறக்கிறது, மற்றது எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது என்பதை இரண்டும் தனித்தனியே காட்டுகின்றன.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேல் அரசே நியமித்த குழு ஒன்று இதை ஆராய்ந்தது. தலைமை தாங்கியவர் துணை அட்டர்னி ஜெனரல் யெஹுதித் கார்ப். அவர் குழு பார்த்த 70 வழக்குகளில் 53 எந்த நடவடிக்கையும் இல்லாமல் முடிந்திருந்தன. அறிக்கை 1982இல் கையளிக்கப்பட்டது, யாரும் அசையவில்லை. கார்ப் குழுவிலிருந்து விலகினார். 1984இல்தான் அறிக்கை வெளியானது. அன்று எழுதப்பட்ட பத்திகளில் ஆண்டை மட்டும் மாற்றினால் இன்றைய அறிக்கையாகிவிடும்.

தண்டனையே இல்லையா என்றால், உண்டு. 2015 ஜூலை 31 அன்று தூமா என்ற ஊரில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. 18 மாதக் குழந்தையும் அதன் தாய் தந்தையரும் இறந்தார்கள். அமிராம் பென்-உலியல் என்ற குடியேறிக்கு 2020இல் மூன்று ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. உலகமே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு அது. யாரும் பார்க்காத தோப்புகளில் வெட்டப்பட்ட மரங்களுக்கு அந்த வேகம் கிடைப்பதில்லை.

சுருக்கமாக: புகார் கொடுப்பது கடினம், கொடுத்த புகார் மூடப்படுவது வழக்கம், இது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசுக்கே தெரியும்.

அடி எதற்காக விழுகிறது

இதைச் ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’ என்று சொல்வதுதான் எனக்கு ஒப்பாதது. ஒரு சில முரட்டு இளைஞர்கள், கைமீறிப்போனவர்கள் என்ற விளக்கத்தை அடிக்கடி கேட்கிறோம். குடியேறிகள் எல்லோரும் தாக்குபவர்கள் அல்லர். பெரும்பாலோர் மலிவான வீட்டுக்காக வந்து வேலைக்குப் போய்த் திரும்புபவர்கள். ஆனால் தாக்குதலின் பலன் தாக்கியவரோடு நின்றுவிடுவதில்லை. அந்தப் பலன் நிலம்.

புறக்குடியிருப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆட்டுப் பட்டியோடு வந்து அமரும் ஒரு குடும்பமும் சில இளைஞர்களும் போதும். தங்கள் ஆடுகளைப் பாலஸ்தீன மேய்ப்பர்களின் புல்வெளியில் விடுவார்கள், ஊற்றுக்குப் போகும் வழியை மறிப்பார்கள், இரவில் கூடாரங்களுக்குள் வந்து டார்ச் அடிப்பார்கள், தண்ணீர்த் தொட்டியை ஓட்டையாக்குவார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறு குற்றம். ஒவ்வொன்றும் ‘குற்றவாளி தெரியவில்லை’ என்று மூடப்படும். ஆறு மாதம், ஒரு வருடம் இப்படி ஓடினால் மேய்ப்பர்கள் தாமாகவே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போவார்கள். 2023 மே மாதம் ஐன் சாமியா என்ற மேய்ப்பர் ஊர் இப்படித்தான் காலியானது. அக்டோபரில் வாதி அஸ்-ஸீக், பிறகு கிர்பத் ஸனூத்தா. யாரும் வெளியேற்ற ஆணை போடவில்லை. போட வேண்டிய தேவையும் வரவில்லை.

பெரிய அளவில் வெடித்ததும் உண்டு. 2023 பிப்ரவரி 26 அன்று ஹுவாரா ஊரில் இரண்டு குடியேறிச் சகோதரர்களை ஒரு பாலஸ்தீனர் சுட்டுக் கொன்றார். அன்றிரவே நூற்றுக்கணக்கான குடியேறிகள் ஊருக்குள் புகுந்து வீடுகளையும் வாகனங்களையும் கொளுத்தினார்கள். பக்கத்து ஊரில் ஒரு பாலஸ்தீனர் கொல்லப்பட்டார். மேற்குக் கரைக்குப் பொறுப்பான இஸ்ரேலியத் தளபதி யெஹுதா ஃபுக்ஸ் அந்த இரவை ‘போக்ரோம்’ என்று அழைத்தார். ரஷ்யப் பேரரசில் அரசு பார்த்துக்கொண்டிருக்கக் கும்பல்கள் யூதர்களின் வீடுகளைச் சூறையாடியதைக் குறிக்கும் சொல் அது. யூத வரலாற்றில் அவ்வளவு வலி நிறைந்த ஒரு சொல்லை இஸ்ரேலிய ஜெனரல் ஒருவர் தம் மக்களின் செயலுக்குச் சூட்ட நேர்ந்தது. அன்று கைதானவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில் வெளியே வந்துவிட்டார்கள்.

பாலஸ்தீனர்களும் குடியேறிகளைக் கொல்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. கொல்கிறார்கள், ஹுவாராவில் அந்த இருவர் கொல்லப்பட்டது கொலைதான். ஆனால் அதன் பிறகு நடப்பதைப் பாருங்கள். கொன்ற பாலஸ்தீனரை ராணுவம் தேடிக் கண்டுபிடிக்கிறது, கொல்கிறது அல்லது ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துகிறது, பல நேரங்களில் அவர் குடும்பம் வாழும் வீட்டையும் இடிக்கிறது. அதே குற்றத்தைச் செய்த யூதர்களின் வீடு இடிக்கப்படுவதில்லை. ஒரு தரப்பின் குற்றத்துக்குச் சட்டம் முழு வீச்சில் வருகிறது, குற்றமே செய்யாத உறவினரையும் சேர்த்து அடிக்கிறது.

ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் உயிர்ச்சேதமோ பொருட்சேதமோ ஏற்படுத்திய குடியேறித் தாக்குதல்களை 2006இலிருந்து பதிவு செய்துவருகிறது. 2025 அக்டோபரில், அதாவது ஆலிவ் பறிக்கும் மாதத்தில், 260க்கு மேற்பட்ட தாக்குதல்கள் பதிவாயின. பதிவு தொடங்கியதிலிருந்து அதுவரை எந்த மாதத்திலும் இவ்வளவு இருந்ததில்லை.

வெளியிலிருந்து

2024 ஜூலை 19 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் ஓர் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்றது. குடியேறிகளின் தாக்குதல்களைத் தடுக்கவும் தண்டிக்கவும் தொடர்ச்சியாகத் தவறியதைத் தனியே எடுத்துக்காட்டியது. ஆலோசனைக் கருத்து என்பது தீர்ப்பைப்போல நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு அதைவிட உயர்ந்த வாய் உலகில் இல்லை. அமெரிக்கா 2024 பிப்ரவரியில் வன்முறைக் குடியேறிகள்மீது தடைகள் விதிக்கத் தொடங்கி, 2025 ஜனவரி 20 அன்று, டிரம்ப் பதவியேற்ற நாளிலேயே, அதைக் கைவிட்டது. பிரிட்டன், கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் தடைகள் தொடர்ந்தன.

முன்பு சொன்ன கிர்பத் ஸனூத்தாவின் மக்கள் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். 2024 ஜூலையில் அவர்கள் ஊர் திரும்பலாம், போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆகஸ்டில் ஆடுகளோடு திரும்பினார்கள். வீடுகளும் பள்ளிக்கூடமும் இடிந்து கிடந்தன. சுவர் நின்ற இடத்திலும் கூரை போட அதிகாரிகள் விடவில்லை; கட்டட அனுமதி இல்லையாம். குன்றிலிருந்து அதே ஆட்கள் மறுபடி இறங்கி வந்தார்கள். சில வாரங்கள் கழித்து, நீதிமன்ற உத்தரவு கையில் இருக்க, கூரையில்லாத வீடுகளைவிட்டு அவர்கள் இரண்டாம் முறையாகக் கிளம்பினார்கள்.